பேரை எடுத்த பிறகு

எங்கள் தொழிலில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு வாக்கியம்: "பேரையெல்லாம் எடுத்தாச்சு, இனிமே இது யாரோட டேட்டாவும் இல்ல." யாருக்கு யாரோடு தொடர்பு என்ற கோடுகள் மட்டும் அப்படியே இருக்கும். வெறும் கோடுகள் எதைச் சொல்லும், எதை மறைக்கும்? கணிதம் இதே கேள்வியை மிகச் சுத்தமான வடிவில் கேட்டிருக்கிறது.

ஒரு குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (நம் பாடநூல்கள் குரூப்பை அப்படித்தான் அழைக்கின்றன. இந்தக் குலத்துக்குப் பிறப்பு தேவையில்லை, செயல்கள்தான் உறுப்பினர்கள்.) ஒவ்வொரு உட்குலத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஒன்று இன்னொன்றில் அடங்கினால் கோடு போட்டு மேலேற்றுங்கள். இதுதான் லாட்டிஸ். பெயர், அளவு, பெருக்கல் அட்டவணை எல்லாம் போயிற்று.

மூன்று பொருட்களை இடம் மாற்றும் குலத்தில் 6 உறுப்புகள். படத்தில் கீழே ஒரு புள்ளி, மேலே ஒன்று, நடுவே நான்கு. மும்மூன்று நிலைகள் கொண்ட இரண்டு சக்கரங்களைச் சுழற்றும் குலத்தில் 9 உறுப்புகள். படம் அச்சு அசலாக அதேதான்! ஆனால் முதலாவதில் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும், இரண்டாவதில் மாறாது. இந்தப் பாலபாடத்தைக்கூடப் படம் சொல்லாது.

"பாத்தீங்களா, ஒண்ணும் தெரியாது" என்று இங்கேயே கிளம்பிவிடலாம்தான். 1951இல் மிச்சியோ சுசுகி காட்டியது அதற்கு இடம் தரவில்லை. ஒரு குலத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கிலும் செயல்களின் வரிசை பொருட்டில்லாமல் போனால் அது சால்வபிள். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் இல்லாமல் போனதே, அதன் குலத்துக்கு இந்தத் தன்மை இல்லாததால்தான். அவ்வளவு ஆழமான விஷயம். முடிவுள்ள இரண்டு குலங்களுக்கு ஒரே லாட்டிஸ் இருந்து, ஒன்று சால்வபிள் என்றால் மற்றதும் சால்வபிள்தான். 1941இலேயே இவாசாவா இன்னொன்று கண்டார்: எந்தப் புள்ளியையும் தாண்டிக் குதிக்காமல் அடியிலிருந்து உச்சிக்கு ஏறும் எல்லா வழிகளிலும் படிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தால், அதைவிடக் கறாரான சூப்பர்சால்வபிள் வகை அது. படி எண்ணத் தெரிந்தால் போதும்.

மேலோட்டமானது மறைகிறது, ஆழமானது தெரிகிறது. எனக்கு உறுத்துவது இந்தத் தலைகீழ்தான். மனிதர்கள் குலங்கள் இல்லை, சுசுகியின் தேற்றம் நண்பர் பட்டியலுக்குப் பொருந்தாது, தெரியும். ஆனால் பேர்தான் பெரிய ரகசியம், கோடுகள் சும்மா என்று நாங்கள் வைத்திருக்கிற கணக்குக்கு என்ன ஆதாரம்? பேரை எடுக்கச் சம்மதித்தவர் கோடுகளுக்கும் சம்மதித்தாரா?

ஒப்புதல் படிவத்தில் 'பெயர் நீக்கப்படும்' என்பதற்குக் கீழே 'தொடர்புகள் வைத்துக்கொள்ளப்படும்' என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். சட்டப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது பிடிப்பதே இல்லை.