மடக்கிய மூன்று விரல்கள்

எங்கள் சபையின் அடுத்த பத்தாண்டுக்கான முன்னுரிமைகள் ஐந்து என்று முடிவாகியிருக்கிறது. ஜெபம், வாலிபரும் ஞாயிறு பள்ளியும், மிஷனரி ஊழியம், முதியோர் பராமரிப்பு, ஆலய விரிவாக்கம். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, சபைக்கு எது முக்கியம் என்று எழுதச் சொன்னார்கள். சேகரக் கமிட்டியார் அவற்றை எண்ணித் தொகுத்தார்கள். நேர்மையாகவே செய்தார்கள். அதிகச் சீட்டுகளில் ஜெபம்தான் இருந்தது என்று போதகர் ஐயர் அறிவித்தபோது எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தச் சீட்டுகளில் ஒன்று எழுதப்பட்டதை நான் பார்த்தேன். என் முன் பெஞ்சில் ஒரு பாட்டி இருந்தார். எழுதத் தெரியாதவர். பக்கத்திலிருந்த பையனிடம் சீட்டை நீட்டி, "நான் சொல்லுதேன், நீ எழுதுய்யா" என்றார். பிறகு வெகுநேரம் பேசினார். மின்விசிறி இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பீடத்தைக் காட்டினார். மேற்கு வாசல் பக்கம் கையை நீட்டினார். பேசப் பேச விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார்: சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பையன் பொறுமையாகத் தலையாட்டினான். அவர் முடித்ததும் எழுதினான்: ஜெபம். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டான்.

மூன்று விரல்கள் மடங்கின. சீட்டில் ஒரு சொல்தான் ஏறியது. இது என்னை விடமாட்டேன் என்கிறது. பையன்மேல் தப்பில்லை. சீட்டு அவ்வளவு சிறியது. சொன்னதன் சாரம் அதுதான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். ஒருவேளை பாட்டியே கடைசியில் அப்படித்தான் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மேற்கு வாசலில் என்ன இருக்கிறது? கைப்பிடி இல்லாத ஆறு படிகள் இருக்கின்றன. அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். அதற்கும் அப்பால், முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வராமற்போனவர்களின் தெரு. இந்த மூன்றில் எதையும் அவர் சொல்லியிருக்கலாம்.

பிறகொரு ஞாயிறு அவரிடமே கேட்டேன். "அதான் அந்தப் பிள்ள எல்லாம் எழுதிட்டானே" என்றார். வேறு என்னவோ சொன்னீங்களே பாட்டி என்றேன். "கர்த்தருக்குத் தெரியும்யா" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கப் போனார். அவருக்குக் குறையில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

என் சிறுவயதில் இப்படிச் சீட்டு எழுதிய நினைவே இல்லை. எங்கள் வீட்டு அடுக்களையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். கைப்பிடி அரிசி. அது ஆலயத்துக்குப் போய், விற்ற பணம் ஊழியத்துக்குச் சேரும். வீட்டில் அரிசி குறைவான நாட்களிலும் அம்மா பிடியைச் சுருக்கினாளே தவிர, போடாமல் இருந்ததில்லை. ஏன் போடுகிறாய் என்று கேட்டதற்கு, "போடணும்" என்றாள். எந்தச் சபைக் கூட்டத்தில் அது தீர்மானமாயிற்று, யார் முன்மொழிந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மிஷனரி ஊழியம் எங்கள் முன்னுரிமை என்று எழுதியும் கொடுத்திருக்க மாட்டாள்.

அந்த மிஷனரி ஊழியத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வி. எஸ். அசரியா என்ற ஊழியர் 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்தார். மறு ஆண்டு, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இங்கிருந்து தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஆட்கள் போனார்கள். அசரியாவும் போனார், 1912இல் அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கத் திருச்சபையில் இந்தியர்களில் முதல்வராக. ஆக, சங்கமும் கூட்டமும் தீர்மானமும் இருக்கத்தான் செய்தன. எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் ஊழியத்தை ஊர்கடந்து கொண்டுபோக முடிந்தது. ஆனாலும் எழுதியது முதலா, பிடியரிசி முதலா என்று யோசித்தால் எனக்குப் பிடிபடுவதில்லை. ஒன்றையொன்று தாங்கி நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இத்தோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது. திருச்சபை தன் முன்னுரிமையைக் கூடிப் பேசிய முதல் சந்தர்ப்பம் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் சபையைக் கூட்டி, ஜெபமும் வசனமும் எங்களுக்கு, பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று வேலையைப் பிரித்தார்கள். தெரிந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிற்று என்பதை எங்கோ வாசித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அந்த விதவைகள் என்ன சொன்னார்கள் என்று அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அவர்கள் வாய்ச்சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தப் பெண்களும் விரல் மடக்கித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதோடு இன்னொரு விசித்திரம். பந்திக்கென்று தெரிந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான், பந்தியைக் கவனித்த காட்சியே இல்லை. அடுத்த அதிகாரத்தில் நீண்ட பிரசங்கம் செய்து கல்லெறியுண்டு சாகிறார். அந்த ஏழு பேரில் இன்னொருவரான பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கிக்கிறார். பிரித்துக் கொடுத்த வேலை அப்படியே நிற்கவில்லை. முன்னுரிமைகளுக்கும் சபை போகும் வழிக்கும் உள்ள தூரம் அப்போதே தொடங்கியிருக்கிறது.

எங்கள் சீட்டுகளில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜாதி என்று ஒருவரும் எழுதவில்லை என்கிறார்கள். ஆனால் பெண் பார்க்கும்போதும், சபைத் தேர்தலில் ஓட்டுக் கேட்கும்போதும் முதலில் விசாரிக்கப்படுவது எது என்பது எங்களில் எல்லாருக்கும் தெரியும். ஒரு சபை எதை உயர்வாக வைத்திருக்கிறது என்பது சபை விருந்தான அசனத்தன்று ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதிலும் இருக்கிறது, மறுநாள் கல்யாணப் பேச்சில் அதை மறப்பதிலும் இருக்கிறது. இதைச் சீட்டில் எழுத யாருக்கும் கை வராது. எழுத வராததை எண்ணிக் கூட்டவும் முடியாது. பாட்டியின் விரல்களில் ஒன்று இதற்காக மடங்கியிருக்குமோ என்றுகூட எண்ணிப் பார்க்கிறேன். அப்படி எண்ணுவதும் நியாயமில்லை. என் கவலைகளை அவர் கையில் ஏற்றுவது, பையன் தன் சொல்லை ஏற்றியதைவிட எந்த வகையில் மேல்?

சீட்டே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பழைய நாட்களில் முன்வரிசை ஆண்கள் பேசுவார்கள், மற்றவர்கள் ஆமென் சொல்லுவார்கள். அன்று இந்தப் பாட்டியின் கைக்கு ஒரு தாள் போய்ச் சேர்ந்திருக்காது. எழுதத் தெரியாதவரும் ஒரு பிள்ளையை வைத்து எழுதச் செய்யலாம் என்ற நிலை வந்ததே பெரிது. முதியோர் பராமரிப்பு அந்த ஐந்தில் இடம்பிடித்ததும் இதனால்தான்.

வருகிற சபைக் கூட்டத்தில் அந்தப் பட்டியல் தீர்மானமாக வைக்கப்படும். ஆதரித்துக் கை தூக்குவேன் என்றே நினைக்கிறேன். அதற்கு முன் எழுந்து, எழுதாதவர்களை வீடு வீடாகப் போய் ஒருமுறை கேட்டுவிட்டு நிறைவேற்றலாமே என்று சொல்ல ஆசை. கேட்கப் போகிறவர்களும் கடைசியில் ஒரு சொல்லோடுதானே திரும்பி வருவார்கள் என்ற எண்ணம் உடனே வந்து மறிக்கிறது. அப்படியானாலும் போகத்தான் வேண்டுமா, இருக்கிற பட்டியலோடு வேலையைத் தொடங்கிவிடுவது நல்லதா? இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கிறேன். இன்னும் ஒரு பக்கமாக நிலைக்கவில்லை.