காட்டில் கிடக்கும் தண்டம்

ஒரு பொருளின் ஆற்றல் அப்பொருளுக்குள்ளேயே உறைகிறதா, அல்லது பிற பொருள்களோடு அது சேரும் சேர்க்கையில்தான் தோன்றுகிறதா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் வாதிடப்பட்டது. மீமாம்சகர், அவருள்ளும் பிரபாகரர் வழிவந்தோர், சக்தி என்பது தனித்ததொரு பதார்த்தம், அதாவது உலகில் உள்ளவற்றை வகைப்படுத்தும்போது வேறெந்த வகையிலும் அடக்க முடியாத ஒன்று, என்று கொண்டனர். நியாய நூலார் அதை மறுத்தனர். இருசாராரும் எடுத்துக்கொண்ட சான்று நெருப்பு. மணி மந்திர ஔஷதம் என்று தமிழிலும் சேர்த்துச் சொல்லப்படும் தடுப்புகளில் ஏதேனும் ஒன்று அருகில் இருந்தால், முன்போலவே எரியும் தீயும் கையைச் சுடாது என்பது அக்கால நம்பிக்கை. தீயின் உருவம் மாறாமலிருக்கச் சுடுதல் மட்டும் நின்றுபோவதால், உருவத்துக்கு வேறான சக்தி என்ற ஒன்று தீயில் இருந்து அதுவே கெட்டது என்றனர் மீமாம்சகர். 10ஆம் நூற்றாண்டினரான உதயனர் தம் நியாயகுசுமாஞ்சலியில் இதற்கு விடை கூறினார்: தடை இல்லாதிருத்தலும் காரணங்களுள் ஒன்றே; மணி அருகில் வந்தபோது குறைந்தது அந்தக் காரணம்தானே தவிர, தீக்குள் ஒளிந்திருந்த வேறொரு பொருள் அன்று.

மணியின் செய்தி உண்மையோ அன்றோ, வழக்கின் அமைப்பு உண்மையானது. இன்று அதைக் கண்ணெதிரே காண ஒரு மேசைக் கணினியின் பெட்டியைத் திறந்தால் போதும். கணினி விளையாட்டில் திரையில் தோன்றும் அசைவு உண்மையில் அடுத்தடுத்து மாறும் நிலைப்படங்களின் வரிசை. அவற்றில் ஒவ்வொன்றும் ஃபிரேம் எனப்படும். ஒரு ஃபிரேம் பிறக்க இருவர் உழைக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார், எது எதன்மேல் மோதியது, அடுத்து எதை வரைய வேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டு, டிரா கால் எனப்படும் வரைவு ஆணைகளை அனுப்புவது செயலி. அந்த ஆணைகளைப் பெற்று லட்சக்கணக்கான படப்புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் தருவது கிராஃபிக்ஸ் கார்டு என்னும் வரைகலை அட்டை. ஒன்று அடுத்த ஃபிரேமைத் திட்டமிடும்போது மற்றொன்று முந்தைய ஃபிரேமை வரைந்துகொண்டிருப்பதால், இருவரின் நேரத்தையும் கூட்ட வேண்டியதில்லை. தாமதிப்பவர் எடுக்கும் நேரமே இருவருக்கும் நேரமாகிறது. இந்தத் தாமதத்தையே பாட்டில்நெக் என்கிறார்கள்: பானை எவ்வளவு பெரிதானாலும் கழுத்து குறுகியிருந்தால் நீர் அந்தக் கழுத்தின் அளவில்தான் வரும்.

2022 அக்டோபரில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையை, 2013இல் வெளிவந்த, கோர் எனப்படும் கணக்கிடும் பகுதிகள் நான்கு கொண்ட, கோர் ஐ7 4770 செயலியோடு ஒருவர் பொருத்துகிறார் என்று கொள்ளலாம். அட்டையில் 16,384 கணிப்பு அலகுகள், 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள், 24 ஜிபி நினைவகம். மின்சாரம் 450 வாட் வரை இழுக்கும். ஒரு விளையாட்டில், 1920க்கு 1080 என்னும் தெளிவுத்திறனில், ஒரு ஃபிரேமுக்குச் செயலி 12 மில்லி வினாடியும் அட்டை 5 மில்லி வினாடியும் எடுப்பதாக வைத்துக்கொண்டால், தனியே நின்றால் நொடிக்கு 200 ஃபிரேம் தரக்கூடிய அட்டை, இந்தக் கூட்டில் 83 மட்டுமே தருகிறது. அட்டையின் பயன்பாட்டு அளவைக் காட்டும் எண் 40 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மின்விசிறி ஓசையின்றிச் சுழல்கிறது. பெருவிலை கொடுத்தவருக்கு அட்டையில்தான் கோளாறோ என்ற ஐயம் எழுவது இயல்பு. செயலியின் அளவைப் பார்த்தால் அதுவும் முழுமையைத் தொடுவதில்லை, ஏனெனில் விளையாட்டின் தலைமைப் பணி பெரும்பாலும் ஒரே கோரின்மேல் விழ, மற்ற கோர்கள் பாதி ஓய்வில் இருக்க, காட்டப்படும் எண்ணோ எல்லாவற்றின் சராசரி. பிரிக்க முடியாத பணிக்கு ஆகும் நேரத்தை, எத்தனை கைகளைக் கூட்டினாலும் குறைக்க முடியாது என்று ஜீன் ஆம்டால் 1967இலேயே காட்டியிருக்கிறார். ஆக, இரண்டு அளவுகளிலும் இடமிருப்பதாகத் தோன்றுகிறது. ஆயினும் வேகம் ஏறுவதில்லை. மணியின் அருகே எரிந்தும் சுடாத தீயின் நிலை இதுவே.

பல காரணங்கள் கூடிச் செய்யும் செயலில் எதை முதன்மைக் காரணம் என்பது? செயலை நிறைவேற்றுவதில் மிகச் சிறந்து உதவுவதே கருவி என்பது பாணினியின் இலக்கணம். 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஜயந்த பட்டர், அறிவு பிறக்கும் வகையை ஆராயும்போது இதே முடிச்சை எதிர்கொண்டார். கண், ஒளி, பொருள், மனம் ஆகியவற்றுள் எது குறைந்தாலும் காட்சி பிறவாது என்றிருக்க, மிகச் சிறந்தது என்று ஒன்றை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டு, அந்தச் சிறப்பு சாமக்கிரிக்கே, அதாவது காரணங்கள் குறைவறக் கூடிய கூட்டத்துக்கே உரியது என்று நியாயமஞ்சரியில் முடிவு செய்தார். செயலியையும் அட்டையையும் பொறுத்தவரை இம்முடிவு முழுதும் பொருந்துகிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவருக்கு அது உதவாது. கூட்டமே காரணம் என்பது உண்மையென்றாலும், அந்தக் கூட்டத்தில் எதை மாற்றினால் பயன் மாறும் என்பதை அவர் அறிந்தாக வேண்டும்.

அதை அறியும் வழியையும் அளவை நூல்களே தந்திருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருத்தல் அன்னுவயம்; ஒன்று இல்லையேல் மற்றொன்றும் இல்லாதிருத்தல் வெதிரேகம். கணினியில் இந்தச் சோதனைக்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. தெளிவுத்திறனைக் குறைத்துப் பார்த்தால் போதும். படப்புள்ளிகள் குறைவதால் அட்டையின் சுமை குறையும், செயலியின் சுமை அப்படியே இருக்கும். சுமை குறைந்தும் ஃபிரேம்கள் கூடவில்லையென்றால், தடை அட்டையில் இல்லை. மாறாக 3840க்கு 2160 என்று உயர்த்தினால் புள்ளிகள் 20,73,600இலிருந்து 82,94,400 ஆகின்றன, சரியாக நான்கு மடங்கு. அப்போது அட்டை ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லி வினாடி எடுக்குமானால் வேகம் நொடிக்கு 62ஐ ஒட்டி நிற்கும். 12 மில்லி வினாடியில் தன் வேலையை முடித்த அதே பழைய செயலி இப்போது அட்டைக்காகக் காத்திருக்கும். ஒரு திருகுகூடக் கழற்றப்படவில்லை. சற்றுமுன் தடையாக இருந்தது இப்போது தடையில்லை. எல்லையின்றிப் பாயும் என்று தோன்றிய அட்டையே இப்போது கழுத்தாகிவிட்டது.

இங்கே உதயனரின் பக்கம் வலுப்பெறுகிறது. தடை என்பது செயலியில் உறையும் ஒரு குணமாக இருந்திருந்தால், தெளிவுத்திறனை மாற்றியதும் அது எங்கே போயிற்று? இன்ன செயலிக்கும் இன்ன அட்டைக்கும் பாட்டில்நெக் இத்தனை விழுக்காடு என்று ஒற்றை எண்ணில் பொருத்தம் சொல்லும் வழக்கம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. இருவருக்கிடையே உள்ள உறவு, செய்யும் பணியைச் சார்ந்து மாறும் என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது. வலிமையும் அவ்வாறே. 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலி, தன் முன்னோடியான 5800எக்ஸைப் போலவே எட்டு கோர் உடையது, கடிகார வேகத்தில் அதைவிடச் சற்றுக் குறைந்தது; ஆயினும் விளையாட்டுகள் பலவற்றில் அதை முந்துகிறது. கணக்கிடும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் எல்3 கேச் என்னும் நினைவகம் அதில் 32க்கு மாறாக 96 எம்பி. கேட்டது கைக்கெட்டும் தொலைவில் கிடைப்பதால் காத்திருப்பு குறைந்தது. அதுவே அங்கே வலிமையாயிற்று.

ஆயினும் மீமாம்சகரிடம் இன்னும் ஒரு கேள்வி மீந்திருக்கிறது, அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓய்ந்திருக்கும் அந்த அறுபது விழுக்காடு வெறும் இன்மையா? 7,630 கோடி டிரான்சிஸ்டர்களும் அங்கேதானே இருக்கின்றன? இதற்குப் பிற்கால நியாயம் ஒரு நுட்பமான பிரிவினையால் விடை தருகிறது. காட்டில் கிடக்கும் தண்டம், குயவன் சக்கரத்தைச் சுழற்றும் கோலாகத்தக்க மரத்துண்டு, இன்னும் எந்தக் குடத்தையும் வனைய உதவவில்லை. எனினும் வைக்கோலுக்கு இல்லாத தகுதி அதற்கு உண்டு. இதை இயல்புத் தகுதி என்றும், சக்கரமும் மண்ணும் குயவனும் கூடியபோது குடம் உண்டாகும் நிலையைப் பயன் விளைக்கும் நிலை என்றும் வேறு வேறாகக் கொண்டனர். முன்னது தண்டத்தின் அமைப்பே அன்றி அதற்குள் மறைந்த வேறு பொருள் அன்று. பின்னது கூட்டத்துக்கே உரியது. கடையில் விலை கொடுத்துப் பெறுவது முன்னதை மட்டுமே. பழைய செயலியும் அது அமர்ந்திருந்த மதர்போர்டும் மாற்றப்பட்டு, 6 மில்லி வினாடியில் பணி முடிக்கும் செயலி வந்து அமர்ந்தால், குறைந்த தெளிவுத்திறனில் 83 ஃபிரேம் 166 ஆகும். உயர்ந்த தெளிவுத்திறனில் 62 என்பது 62ஆகவே இருக்கும். இரண்டிலும் அட்டை வாங்கிய நாளில் இருந்த அதே அட்டைதான்.