கருவி நீங்கிய பின்னும் நிற்பது: நலமடித்த பூனையும் வாசனைக் கொள்கையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வேளாண் வாழ்வில் நலமடித்தல், அதாவது ஆண் விலங்கின் விதையை நீக்கியோ நசுக்கியோ இனப்பெருக்கத்தைத் தடுத்தல், நெடுங்காலம் பெரிதும் நாம்பன் மாடுகளுக்குச் செய்யப்பட்டு வந்தது. ஏருக்கும் வண்டிக்கும் அடங்கி நடக்கும் எருது வேண்டியிருந்ததால் அச்செயல் உழைப்பின் பெயரால் நியாயம் பெற்றது. இன்று அதே செயல் மிருக வைத்தியரின் மேசையில், மயக்க மருந்தின் துணையோடு, வீட்டுப் பூனைக்கும் செய்யப்படுகிறது. ஆயினும் விதை நீக்கப்பட்ட கடுவன் பூனை, பல மாதங்கள் கழிந்த பின்னரும், உடன் வளரும் இன்னொரு பூனையின் மேலேறிப் பிடரியைக் கவ்வுவதையும், சில வேளைகளில் போர்வையையே அவ்வாறு பற்றிப் பின்னங்கால்களால் மிதிப்பதையும் வளர்ப்போர் காண்கின்றனர். இச்சைக்குக் காரணமான உறுப்பு போன பின் இச்சையின் செயல் எங்கிருந்து வருகிறது என்ற வினா மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று. உடம்பு நீங்கினாலும் வினையின் பிடி நீங்குமா என்று பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்த சைவசித்தாந்தத்திற்கும் அது உரியது.

உடலியல் தரும் விடையை முதலில் அறிதல் வேண்டும். விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்னும் இயக்குநீர் அறுவைக்குப் பின் குருதியில் விரைவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் அந்நீர் பிறப்பிற்கு முன்னும் பிறந்த சில நாட்களிலும் மூளையில் அமைத்துவிட்ட நரம்புப் பாதைகள் அதனோடு சேர்ந்து மறைவதில்லை. நியூயோர்க்கில் ஜே ரோசன்பிளாற், லெஸ்ரர் அரன்சன் என்னும் இருவர் 1958இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மிகுந்த பொருளுடையது. அறுவைக்கு முன் புணர்ச்சியில் பழகியிருந்த கடுவன்களிற் பல அதன் பின்னும் நெடுநாள் மேலேறும் செயலை விடவில்லை. பழக்கமே இல்லாதிருந்தவற்றில் அச்செயல் பெரிதும் தோன்றவில்லை. இயக்குநீர் இரு சாராருக்கும் ஒருங்கே அற்றுப்போயிருக்க, முன் நுகர்ச்சி ஒன்றே அவற்றை வேறுபடுத்தியது.

சித்தாந்தம், உலகின் மூலப்பொருளாகிய மாயையின் காரியங்களைத் தனு, கரணம், புவனம், போகம் என நான்காகப் பகுக்கும்: தனு என்பது உடம்பு, கரணம் என்பது மனம் முதலிய உட்கருவிகள், புவனம் என்பது வாழும் இடம், போகம் என்பது நுகர்ச்சி. இன்பச் செயலுக்குரிய உபத்தம் ஐந்து தொழிற்கருவிகளுள் ஒன்றாக எண்ணப்படும். இப்பகுப்பை வைத்து நோக்கினால், அறுவை தனுவில் ஒரு பகுதியையும் உபத்தத்தின் ஆற்றலிற் பெரும்பங்கையும் நீக்குகிறதேயன்றி, மனத்தில் ஏறிய பதிவைத் தொடுவதில்லை என்பது தெளிவாகும். செயல் ஓய்ந்த பின்னும் எஞ்சி நிற்கும் அப்பதிவையே மரபு வாசனை என்றது. பெருங்காயம் வைத்திருந்த பாண்டம், அது எடுக்கப்பட்ட பின்னும் மணப்பதைப் போன்றது அது எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் வழிவந்தோர் விளக்குவர்.

எனினும் இவ்வொப்புமையை அளவோடு கொள்ள வேண்டும். வாசனை பற்றிய அவ்விளக்கம் ஞானியைக் குறித்து எழுந்தது: உயிரைப் பிணிக்கும் மலத்தின் பிடிப்பு நீங்கி, உடம்போடிருக்கும்போதே விடுதலை பெற்ற சீவன்முத்தரிடத்தும், உடம்பு உள்ளவரை, பிராரத்தம் எனப்படும் நுகர்வினை வந்து தாக்கும் என்பதே அதன் கருத்து. நலமடித்த பூனையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஞானியிடத்தில் கருவிகள் யாவும் இருக்க வேர் அறுந்துவிட்டது. பூனையிடத்தில் வேர் அப்படியே இருக்கக் கருவியொன்று மட்டும் அறுந்துவிட்டது. ஆகவே அறுவைக்குப் பின் பூனை சாந்தமாகிவிட்டது எனச் சொல்லப்படும் அமைதி, மலம் பக்குவப்படுதலாகிய மலபரிபாகத்தின் நிழலும் அன்று. உடம்பே உயிர் என்னும் உலகாயதரை மறுக்க இப்பூனையைச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. ஏனெனில் எஞ்சி நிற்கும் பழக்கத்திற்கு நரம்பு மண்டலம் என்னும் உடம்பிலேயே இடம் உண்டு. இன்னொரு செய்தியும் உண்டு. பெஞ்சமின் ஹார்ட், லிண்டா கூப்பர் ஆகியோரின் 1984ஆம் ஆண்டு ஆய்வின்படி, பத்து மாதத்திற்கு முன்பே நலமடிக்கப்பட்ட கடுவன்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று வளர்ந்த பின் சிறுநீர் பீய்ச்சி எல்லை குறித்தது. முதிருமுன் இழந்த ஒன்றின் பழக்கம் எவ்வாறு வந்தது எனின், உயிரியல் கருவில் அமைந்த மூளையைக் காட்டும். சித்தாந்தமோ அம்மூளையோடு கூடிய உடம்பே வினைக்கு ஈடாக அமைந்தது என்னும். ஒன்று எவ்வாறு என்பதற்கும் மற்றது ஏன் என்பதற்கும் விடை கூறுவதால், ஒன்றைக் கொண்டு மற்றதை வீழ்த்த முயல்வது வீண் முயற்சியாகும்.

மேலேறும் செயல் எப்போதும் காமத்தின்பாற்பட்டதும் அன்று. புதிய பூனை வீட்டுக்கு வரும்போதோ, உணவுக்கும் படுக்கைக்கும் போட்டி எழும்போதோ அது மேலாண்மையின் வெளிப்பாடாகவும் மனக்கலக்கத்தின் வடிகாலாகவும் நிகழ்கிறது. பூனைகளிடையே நிலையான ஏணிப்படி வரிசை இருப்பதாகச் சொல்வதற்கில்லை; காலையில் திண்ணையை ஆளும் பூனை மாலையில் அதே திண்ணையை மற்றதற்கு விட்டுக்கொடுக்கும். இதைக் கண்டு பூனைக்கு ஆணவம் என்று வீட்டார் பேசுவது இயல்பே. ஆனால் சித்தாந்தம் கூறும் ஆணவமலம் செருக்கு என்ற குணத்தோடு முடிவதன்று. உயிரின் அறிவை மறைத்து அநாதியாக நிற்கும் இருள் அது, புழுவிலும் புல்லிலும் அடியாரிலும் ஒருங்கே உள்ளது. அடங்கிக் கிடக்கும் பூனையும் மேலேறி நிற்கும் பூனையும் அவ்விருளில் சமமானவை.

இனி எஞ்சுவது வளர்ப்போரின் வினை. தேவர் முதல் தாவரம் ஈறாக எழுவகைப் பிறப்பிலும் உயிர் உண்டு என்று ஆறுமுகநாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடை வழியே யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்குக் கற்பித்தார். கோயில்களில் உயிர்ப்பலியிடுவதை அவர் கடுமையாக எதிர்த்ததும் அந்நெறியினின்றே பிறந்தது. அந்நெறியில் நிற்போர்க்கு, பேச முடியாத உயிரின் உடம்பில் கத்தி வைப்பது எளிதாக ஒப்பத்தக்கதன்று. ஆனால் சாக்கில் கட்டிச் சந்தையோரத்திலும் கோயில் வீதியிலும் விடப்படும் குட்டிகள் பசியாலும் வாகனங்களாலும் மடிவதை அதனோடு வைத்து எண்ணினால், திறமையான கையால் வலியடக்கிச் செய்யப்படும் அறுவையே குறைந்த தீங்கு என்பதில் ஐயமில்லை. சிவபூசைக்கு இடையூறு செய்த தந்தையின் காலை வெட்டிய சண்டேசுர நாயனாரின் வரலாற்றை ஏற்றுக்கொண்ட மரபு, செயலை அதன் புறவடிவால் மட்டும் நிறுக்கவில்லை. ஆயினும் நோக்கம் நல்லது என்பதால் பொறுப்பு அறுவையோடு தீர்ந்துவிடாது: எஞ்சிய பழக்கத்தைக் குற்றமாக எண்ணிப் பூனையை அடிப்போர், அதன் அறிவுக்கு எட்டாத ஒன்றிற்காக அதைத் தண்டிக்கின்றனர். அடங்க வேண்டியது அங்கே பூனையின் காமம் அன்று. பூனைகளைச் சிறிது நேரம் பிரித்து வைத்தலும், உணவுக் கலங்களையும் மண் தட்டுகளையும் தனித்தனியே அமைத்தலும், சிறுநீர் பீய்ச்சும் பூனைக்குச் சிறுநீர்ப்பை நோய் உண்டா என மிருக வைத்தியரிடம் காட்டுதலும், பெட்டைப் பூனை அறுவைக்குப் பின்னும் கத்தித் திரிந்தால் சூலகத்தின் துண்டேதும் உள்ளே எஞ்சியுள்ளதா என ஆராய்தலும் அப்பொறுப்பின் மீதிப் பகுதிகளாம்.