கதிருக்கும் அலைக்கும் பட்ட கடன்

சூரியக் கதிரையும் கடல் அலையையும் மனிதர் எவரும் படைக்கவில்லை என்பதால், அவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பவர் எவருக்கும் கடன்படுவதில்லை என்று கருதிவிடலாம். பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் அதற்கு இடம் தருவதில்லை. தேவர்கள் அளித்ததைப் பெற்று, எதையும் திருப்பித் தராமல் தானே நுகர்பவனை அது கள்வன் என்கிறது. வேள்வி என்பது அங்கே தீயில் நெய் சொரியும் சடங்கோடு நின்றுவிடாமல், பெற்றதைத் திருப்பித் தரும் ஒழுங்கையும் குறிக்கிறது. பொங்கலன்று புத்தரிசியைக் கதிரவனுக்குப் படைத்த பிறகே உண்ணும் உழவர் வழக்கமும் இதே உணர்வில் பிறந்ததுதான். ஆனால் கதிரவனுக்கு அரிசி தேவையில்லை, கடலுக்கு மின்சாரத்தில் பங்கு வேண்டியதில்லை. அப்படியாயின் அந்தக் கடனைப் பெறவேண்டியவர் யார்?

கேரளத்தின் விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தில் இக்கேள்வி கண்ணுக்குத் தெரியும் வடிவம் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைக்க, மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறையின் ஆதரவுடன், 150 கிலோவாட் திறனுள்ள அலை மின்நிலையம் 1991இல் அங்கே இயங்கத் தொடங்கியது. கடலடியில் அமர்த்தப்பட்ட பெரிய கான்கிரீட் அறைக்குள் அலை புகுந்து ஏறும்போது, நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்று மேல்வழியாகப் பீறிட்டு வெளியேறும்; அலை இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும்; காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே திசையில் சுழலுமாறு பெல்பாஸ்ட் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் உருவாக்கிய வகைச் சுழலி, அந்த மூச்சுக்காற்றால் ஓடும். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், உயரம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே பருவமழைக் காலத்துக்கும் மற்ற மாதங்களுக்கும் இடையே உற்பத்தி பெரிதும் வேறுபட்டது. கரையேறிய மின்சாரம் மாநில மின்வலையில் கலந்தது. கலந்த பின் அது எந்த ஊருக்கும் உரியதன்று. 2004இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அதே நிலையத்தைக் கொண்டு கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் குடிநீர் எடுத்தபோதுதான், அலை தந்தது அலைவாய்க்கரையிலேயே பயன்படும் பொருளாயிற்று. அந்த நிலையம் இன்று இயங்கவில்லை என்றாலும், அது காட்டிய வழி சரியானது.

இயற்கையின் ஆற்றல் பிறக்கும் இடத்தைத் தாண்டிச் செல்வது புதிதன்று. மைசூர் சமஸ்தானம் 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் சென்றது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கே. இன்று மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இயந்திரத்தை இயக்குபவருக்கும் தம் மின்சாரம் எந்த ஆற்றிலிருந்து, எந்த வெயிலிலிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை. அதே கர்நாடகத்தின் பாவகடாவில் அமைந்த 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவுக்காக, உழவர்களின் சுமார் 13,000 ஏக்கர் நிலம் விலைக்கு வாங்கப்படாமல் ஆண்டு வாடகைக்குப் பெறப்பட்டது. வெயிலுக்குச் செலுத்த முடியாத கடன் அங்கே நிலவுடைமையாளரை வந்தடைந்தது. பட்டா இல்லாத கூலித் தொழிலாளரை அந்த வாடகை எட்டவில்லை.

கடலில் எவருக்கும் பட்டா இல்லை. வள்ளம் ஏற்றவும், வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும் தலைமுறைகளாகக் கரையை நம்பியிருப்போரை வாடகைக் கணக்கு முற்றாக விட்டுவிடும் என்பதால், அவர்களின் உரிமையை வேறு வகையில் வரையறுக்க வேண்டும். இனி அமையும் அலை, சூரிய மின்திட்டங்கள் மின்வலைக்கு ஒரு யூனிட்டை அனுப்புமுன், அக்கரையின் குடிநீருக்கும் மீனைக் காக்கும் பனிக்கட்டிக்கும் தெருவிளக்குக்கும் உரிய பங்கை ஒதுக்கவேண்டும் என்பதை உரிமத்தின் முதல் நிபந்தனையாகவே எழுதுவது, கீதை கேட்கும் திருப்பித் தருதலுக்கு இக்காலத்தில் மிக நெருங்கிய வடிவமாகும்.