எதிரே வருகிறவர் கண்

காரின் முகவிளக்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. சாலையில் உள்ள எல்லாருடைய கண்ணிலும் அது படுகிறது. அந்தக் காரை ஓட்டுகிறவர் கண்ணில் மட்டும் படுவதில்லை. விளக்கின் ஒளி விழுகிற இடத்தைத்தான் அவர் பார்க்கிறார், விளக்கைப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த விளக்கு நல்லதா, கெட்டதா என்ற வழக்கில் அவருடைய சாட்சியம் மட்டும் போதாது.

என் நண்பர் ஒருவருக்கு மேலூருக்கு அப்பால் கொஞ்சம் வயல் இருக்கிறது. ஞாயிறுதோறும் போய்விட்டு இருட்டிய பிறகு மதுரைக்குத் திரும்புவார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. "முன்னே மாதிரி ராத்திரியில் ரோடு தெரியவில்லை ஐயா" என்று ஒருநாள் குறைப்பட்டார். உதிரிபாகக் கடைப் பையன், "நூறு வாட் பல்பு மாட்டிருங்கண்ணே, பட்டப்பகல் மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். "நான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா?" என்று என்னைக் கேட்டார்.

தப்பில்லை. பெரியாறு கால்வாய்க் கரையோரத்து உட்சாலைகளில் இரவில் போனவர்களுக்கு அவருடைய பயம் புரியும். வளைவைத் தாண்டியதும் விளக்கில்லாத மாட்டு வண்டி நிற்கும். கறுப்பு எருமை இருட்டோடு இருட்டாகக் குறுக்கே வரும். பார்க்காமல் ஓட்டுவதைவிடப் பார்த்து ஓட்டுவது மேல் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு பாதிதான் இருக்கிறது. மறுபாதி எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கிறது.

இயந்திர சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல கார்களில் இருக்கும் ஹெச்4 என்ற ஹாலஜன் பல்பு 12 வோல்ட்டில் எரிவது. நெடுந்தூர ஒளிக்கு 60 வாட், தாழ்ந்த ஒளிக்கு 55 வாட். உள்ளே இரண்டு இழைகள். தாழ்ந்த ஒளி தருகிற இழைக்கு அடியில் கிண்ணம் போல ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. ஒளி மேலெழும்பி எதிராளி முகத்தில் அடிக்காமல் தடுப்பது அதுதான். அந்த இத்தனூண்டு தகட்டை வைத்தவன், எதிரே ஒரு மனிதன் வருவான் என்பதை மறக்காதவன். இப்போது கடைகளில் வெள்ளை வெளேரென்று எரிகிற எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன. ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் அவற்றைச் சொருகினால், இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி பிறக்காமல் சற்றுத் தள்ளிப் பிறந்தாலும் போதும்; அது மேலும் பக்கவாட்டிலும் சிதறுகிறது.

இத்தனைக்கும் லாபம் எவ்வளவு? இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். 60 வாட்டை 100 ஆக்கினால் பார்வை மூன்றிலொரு பங்குகூட நீளாது. சூடு அதிகமாகி ஒயரும் ஸ்விட்சும் உருகினால் அது தனிச் செலவு.

கண் கூசினால் சில விநாடிகள் ஒன்றும் தெரிவதில்லை. மூன்று விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அதற்குள் ஐம்பது மீட்டர் குருடராக ஓட்டிவிடுகிறார். அந்த ஐம்பது மீட்டருக்குள் சைக்கிளில் பால் கேனோடு ஒருவர் போகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவரை இடித்தவர் போலீஸில் நிற்பார். கண்ணைக் கூசவைத்தவரோ அதற்குள் ஒத்தக்கடையைத் தாண்டியிருப்பார். வீட்டுக்குப் போய், "இன்றைக்கு ரோடு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது!" என்று மனைவியிடம் சொல்லி நிம்மதியாகத் தூங்குவார். அவர் பொய் சொல்லவில்லை, கெட்டவரும் இல்லை. தாம் செய்தது அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை, அவ்வளவுதான். செய்தவனுக்கே தெரியாத தீங்கை எந்த மனச்சாட்சி உறுத்தும்? உறுத்தாது என்பதனால்தான் பல்பை மாட்டுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டியிருக்கிறது.

சட்டம் யோசித்திருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், முகவிளக்கின் ஒளி கீழ்நோக்கியே இருக்கவேண்டும், எட்டு மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கின்றன. நடந்து வருகிற மனிதரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்களில் போக்குவரத்துப் போலீஸார் வண்டிகளை நிறுத்தி விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டி அனுப்பியதும் உண்டு. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதைப் போல!

"எல்லாரும் மாட்டிக்கொண்டு வருகிறார்களே, நான் மட்டும் ஏமாளியா?" என்றார் நண்பர். எல்லாரும் மாட்டினால் எல்லாருக்கும் கண் கூசும். அந்தக் கூச்சத்தை வெல்ல இன்னும் பெரிய பல்பு தேவைப்படும். கடைசியில் முன்னைவிட அதிகமாகப் பார்க்கிறவர் ஒருவரும் இருக்கமாட்டார். பல்பு விற்கிறவர் மட்டும் சௌக்கியமாக இருப்பார்.

அவரிடம் வேறொன்றும் சொன்னேன். குறை விளக்கில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மஞ்சளித்துப்போன விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துத் துலக்கலாம். சுவருக்கு எதிரே நிறுத்தி ஒளியின் உயரத்தைச் சரிசெய்யலாம். அதற்கும் மேலே, டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு, அறுபது வயதில் ராத்திரி ரோடு தெரியவில்லை என்றால் முதலில் உதிரிபாகக் கடைக்கா போவது? புரை விழுகிற கண்ணுக்குத்தான் எதிர் வெளிச்சம் அதிகமாகக் கூசும். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எதிரே லாரி வந்தால் நாம் விளக்கைத் தணிக்கிறோம். தணிக்காவிட்டால் அவனும் தணிக்கமாட்டான். நடந்து வருகிறவருக்கு எத்தனை பேர் தணிக்கிறார்கள்? அவரிடம் பதிலுக்குக் கூசவைக்க ஒன்றுமில்லை. பதிலடிக்குப் பயந்து செய்வதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கொடுக்கல் வாங்கல்.

நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி வளர்த்திருக்கிறார்கள். எதிர்ச் சாரியின் வெளிச்சத்தை அது கொஞ்சம் தடுக்கிறது. உட்சாலைகளில் அரளி கிடையாது. தை மாதத்தில் நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களை அங்கே பார்க்கலாம். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வண்டி வந்தால் புறங்கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு ஓரத்துப் புல்லில் இறங்கி நிற்கிறார்கள். வண்டி போன பிறகும் பாதை கண்ணுக்குத் திரும்பும்வரை சற்றுநேரம் அப்படியே நிற்கிறார்கள்.