குடியிருப்போர் தீர்ப்பு

"தெருவோரத்தில் கிடந்தவனுக்குக் கூரை கிடைத்தது. அதன் பிறகும் படிக்கட்டு சரியில்லை, சன்னல் சரியில்லை என்று முணுமுணுப்பதா? தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா?" — ஏழையருக்கென அடுக்குமாடி எழும் இடமெல்லாம் இப்படிக் கேட்கும் கனவான்கள் உளர். கேள்வியின் உள்ளே ஒரு கருத்துப் பதுங்கியிருக்கிறது. வீட்டைத் தந்தவனே அது நல்ல வீடா என்று தீர்ப்பளிக்கவும் உரிமையுடையவன். அதில் வாழ்பவன் நன்றி கூறக் கடமைப்பட்டவன் என்ற கருத்து. நியாயந்தானா இது? ஒரு வரலாற்றை எடுத்துக் கொள்வோம், தோழர்களே!

அமெரிக்க நாட்டிலே, மிசூரி மாநிலத்திலே, செயின்ட் லூயிஸ் என்றோர் நகரம். அங்கே சேரியை இடித்த இடத்தில், 1950களின் நடுவே, ப்ரூட்–ஐகோ என்னும் குடியிருப்பு எழுந்தது. 33 கட்டடங்கள்; ஒவ்வொன்றும் 11 தளம்; 2,870 வீடுகள். வரைந்தவர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தை வரைந்த அதே கலைஞர்! கறுப்பருக்கு ப்ரூட், வெள்ளையருக்கு ஐகோ என்று செங்கல்லுக்கும் நிறபேதம் கற்பித்தே திட்டம் தீட்டினர். நீதிமன்றம் அந்தப் பிரிவினையைத் தகர்த்தது. வெள்ளையர் மெள்ள மெள்ள வெளியேறினர்.

மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காது. முதல், நான்காவது, ஏழாவது, பத்தாவது தளங்களில் மட்டுமே நிற்கும். செலவு மிச்சமாம். அம்மட்டோ! நிற்கும் தளங்களில் நீண்ட நடைக்கூடங்கள். அங்கே அண்டை வீட்டார் அளவளாவுவர், குழந்தைகள் ஆடிப்பாடுவர் என்பது வரைந்தவர் கண்ட கனவு. காகிதத்தில் எவ்வளவு அழகு! கட்டடக்கலை ஏடும் பாராட்டியது. ஆனால் ஆறாவது தளத்துத் தாய், கையில் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக ஏழாவது தளத்தில் இறங்கி, யார் பதுங்கியிருப்பாரோ என்று அஞ்சியபடி இருண்ட படிக்கட்டில் கீழே வரவேண்டும். அவளை எவரும் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் பொதுக் கழிப்பறை கிடையாது. முற்றத்தில் விளையாடும் சிறுவன் பத்து மாடி ஏறும்வரை அடக்கிக் கொள்வானா? மின்தூக்கியிலேயே சிறுநீர் கழித்தான். உடனே, "நாகரிகமற்ற மக்கள்!" என்றனர். கழிப்பறையை வெட்டிய கணக்குப்பிள்ளையின் நாகரிகம் பற்றிப் பேச்சில்லை.

1960களில் லீ ரெயின்வாட்டர் என்னும் சமூகவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் குடியிருப்போரையே கேட்டனர். விடை வியப்பூட்டுவது. தம் வீடு தமக்கு நிறைவளிக்கிறது என்றோர் நான்கில் மூவருக்கும் மேல்! ஆனால், இந்தக் குடியிருப்பில் வாழ்வது நிறைவளிக்கிறதா என்ற கேள்விக்கு, ஆம் என்றோர் ஏறக்குறையப் பாதிப்பேரே. உள்ளே அறை இருந்தது, தண்ணீர் இருந்தது. கதவைத் திறந்தால் படிக்கட்டு, நடைக்கூடம், முற்றம். எவருக்கும் சொந்தமல்ல, எவருடைய கண்காணிப்பும் இல்லை, ஆகவே எவருக்கும் அச்சம். இதை நன்றி கெட்ட முணுமுணுப்பு என்று தள்ளமுடியுமா? எது நன்று, எது தீது என்று இவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொன்னவர்கள், வரைந்தவரைவிடத் தெளிவுடையவர்கள் அல்லவா?

வரைபடத்தின் மீதே பழி முழுவதையும் சுமத்துவதும் எனக்கு உடன்பாடல்ல. அரசின் உதவித்தொகை பெறும் தாயின் வீட்டில், உழைக்கும் வலுவுள்ள ஆண் தங்கக்கூடாது என்று விதி இருந்தது. தந்தையைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது எந்தக் கட்டடக்கலை? பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்றனர். குடிகள் குறையக் குறையப் பழுது பெருகியது, பழுது பெருகப் பெருக எஞ்சியோரும் வெளியேறினர். 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். 1976க்குள் எல்லாம் மண்மேடு. புதுமைக் கட்டடக்கலை மாண்ட நாள் அது என்று சார்லஸ் ஜெங்க்ஸ் எழுதினார். கலையின் சாவுக்கு நாள் குறித்தவர் கண்ணுக்கு, அந்த வாடகைக் கணக்கு தென்பட்டதாகத் தெரியவில்லை.

தகர்ப்புக்கு மூன்றாண்டு முன்னரே, 1969இல், அந்நகரத்துப் பொதுக் குடியிருப்புகளின் மக்கள் வாடகை செலுத்த மறுத்தனர். ப்ரூட்–ஐகோவினரும் அதில் இருந்தனர். ஒன்பது மாதம் நடந்தது அந்தப் போராட்டம். கனவான்கள் எதிர்பார்த்த நன்றியுரை வரவில்லை, கணக்குக் கேட்டார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. பொதுக் குடியிருப்பு வாடகை ஒரு குடும்பத்தின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்று, அதே ஆண்டில், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது.