முன்னேற்பாடும் அறமும்

காட்டாற்றின் வழியே பல நாட் பயணம் செல்லக் கருதும் ஒரு குழுவினர், புறப்படுவதற்குமுன் எவ்வளவு ஆலோசிக்கக் கடமைப்பட்டவர்கள்? இவ்வாறு கேட்டால், "இஃது அறத்தைப் பற்றிய கேள்வியன்று, சௌகரியத்தைப் பற்றிய கேள்வி" என்று பலர் விடை பகர்வர். அரிசி எத்தனை படி, கயிறு எத்தனை முழம், சட்டி பானையை எவர் சுமப்பது என்பனவெல்லாம் மூட்டை கட்டுவோர் தீர்த்துக்கொள்ள வேண்டியவை என்றும், சீலத்தையும் ஞானத்தையும் ஆராயும் இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை என்றும் அவர்கள் கருதுவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. மூட்டை கட்டும் நேரத்திலேயே மனிதனுடைய கருணையும் அகந்தையும் வெளிப்பட்டு விடுகின்றன என்பது நம் துணிபு.

முதலில் இடத்தைக் காண்போம். கானடா முதலிய வடதேசங்களில் அடர்ந்த காடுகளினூடே ஓடும் ஆறுகளில் சிறு தோணிகளைச் செலுத்திக்கொண்டு, இரவில் கரையில் தங்கி, பல நாள் பயணம் செய்வர். நம் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அத்தகைய ஆறுகள் இல்லை. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றி, திருப்பதியையும் காளத்தியையும் நாயுடுபேட்டையையும் கடந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் சுவர்ணமுகி, ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணலாகவே கிடக்கிறது. எனவே இங்கு ஆற்று வழிப் பயணம் என்பது, ஓடையைப் பற்றிக்கொண்டு பாறைகளில் ஏறி, மடுக்களை நீந்திக் கடந்து, மலைக்குள் செல்லும் கால்நடைப் பயணமேயாகும். நாகலாபுரத்து மலைகளுக்கும், 270 அடி உயரத்தினின்று நீர் வீழும் தலகோனாவுக்கும் சென்னையிலிருந்து இளைஞர் கூட்டங்கூட்டமாக வருகின்றனர். திருமலைக்கு மேலுள்ள தும்புரு தீர்த்தத்துக்குப் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிப் பெருந்திரளான பக்தர்கள் காட்டு வழியே நடக்கின்றனர்.

இம்மலைகளின் இயல்பு என்ன? கடினமான பாறை, செங்குத்தான சரிவு, குறுகிய பள்ளத்தாக்கு. மழை நீரை உறிஞ்சிக்கொள்ளும் மண் மிகக் குறைவு. மேலே ஒரு சிகரத்தில் பெய்த மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்போர்மீது சிறிது நேரத்தில் வெள்ளமாக வந்து சேரும். ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த ஓடைகளும் ஓர் இரவில் உயிர் பெறும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் ஓடிற்று. திருமலைச் சாலைகள் சரிந்தன. சுவர்ணமுகி கரை புரண்டது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம். சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப் பஞ்சமும் காட்டுத் தீயும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே பயணத்துக்கு உகந்தவை. இவையன்றி வனவிலங்குகளும் உள. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமி சிறுத்தைக்குப் பலியானாள். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், சிவராத்திரிக்காக இக்காட்டு வழியே இரவில் நடந்து சென்ற பக்தர்கள் சிலரை யானைகள் கொன்றன.

இவற்றை அறிந்தும் ஆலோசியாது புறப்படுவோர் உளர். அவர்கள் கூறும் சமாதானங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது சமாதானம்: "வருவது வந்தே தீரும், எல்லாம் அநித்தியம், ஆயத்தத்தால் ஆவதென்ன?" பௌத்தர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரும் சில வேளைகளில் இதனைப் பேசுகின்றனர். இது விதிவாதம், தம்மம் அன்று. பகவன் தம் இறுதி உபதேசத்தில் இரண்டைச் சேர்த்தே கூறினார்: கூட்டுப் பொருள்கள் யாவும் அழியும் இயல்பின, ஆதலால் அப்பமாதத்துடன், அதாவது சோர்வின்மையுடன், முயலுங்கள் என்பதே அதன் சாரம். பொருள்கள் அழியத்தக்கவை என்பதுதான் விழிப்புடன் இருப்பதற்குக் காரணம். கயிறு அறும் என்று அறிந்தவனே கயிற்றைச் சோதித்துப் பார்க்கிறான். அறாது என்று எண்ணுகிறவனுக்குச் சோதிக்கும் அவசியம் ஏது?

ஜாதகக் கதைகளின் முதற்கதை இப்பொருளையே கூறுகிறது. ஐந்நூறு வண்டிகளுடன் பாலை நிலத்தைக் கடக்கப் புறப்பட்ட வணிகன் ஒருவன், எதிரே ஈரத் தலையுடனும் தாமரைப் பூக்களுடனும் வந்த யக்கனின் பேச்சை நம்பினான். "முன்னே நல்ல மழை, தண்ணீர்ப் பானைகளை ஏன் சுமக்கிறீர்?" என்றான் யக்கன். வணிகன் பானைகளை உடைத்தெறிந்தான். அக்கூட்டம் முழுவதும் மாண்டது. பின்னர் அதே வழியில் வந்த மற்றொரு தலைவன், மழை பெய்திருந்தால் காற்றில் குளிர்ச்சி எங்கே, வானில் மேகம் எங்கே, மின்னல் எங்கே என்று தன் மக்களைக் கேட்டுத் தெளியவைத்து, ஒரு கைந்நீரும் கொட்டாது கடந்தான். இக்கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பானையை உடைக்கச் சொன்னவன் தலைவன் ஒருவன். தாகத்தால் தளர்ந்து மாண்டவர்கள் அவனை நம்பிவந்த அனைவரும்.

இரண்டாவது சமாதானம் இங்குதான் எழுகிறது: "என் உயிர் எனக்குச் சொந்தம். ஆபத்தை நான் விரும்பி ஏற்கிறேன். பிறருக்கென்ன?" தன்னந்தனியாகச் செல்பவன்கூட இப்படிச் சொல்ல இயலாது. அவன் காணாமற்போனால் இருளில் தேடப் போகிறவர்கள் வனக்காவலரும் அருகூர் மக்களும் ஆவர். அவர்களுடைய உயிரையும் அவன் பணயம் வைத்தே புறப்படுகிறான். கூட்டமாகச் செல்வோர் நிலையோ இன்னும் கடினம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல் மண்டிய கோடைப் பருவத்தில், மலையேறச் சென்றோர் தீயில் சிக்கினர்; 23 பேர் மாண்டனர். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாட்டு அரசு அதன் பின்னரே, அதே ஆண்டில், வகுத்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், கோதாவரியில் வெள்ளம் பெருகியிருந்த வேளையில், பாபிகொண்டலு மலைக்காட்டைக் காணச் சென்ற உல்லாசப் படகு கச்சுலூரு அருகே கவிழ்ந்தது. 26 பேர் கரையேறினர். ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். ஏறியவர்களில் எத்தனை பேர் அன்றைய ஆற்றின் அளவை அறிந்து ஏறியிருப்பர்? ஆபத்தை விரும்பி ஏற்பதற்கு, ஆபத்து இன்னதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனின் சம்மதம் சம்மதமாகாது. ஆகவே அழைத்துச் செல்பவனின் முதற்கடமை, தான் அறிந்ததை அனைவருக்கும் மறைக்காது சொல்லுதல். அவன் அறியாதிருப்பின், அறியும்வரை அழையாதிருத்தல்.

விநய நூலில் இதற்கு ஒத்த செய்தி உண்டு. கோசல நாட்டில் இரு பிக்குகள் வழிநடந்தனர். ஒருவரிடம் நீர் வடிகட்டும் துணி இருந்தது, மற்றவரிடம் இல்லை. இருவருக்கும் பிணக்கு நேர்ந்திருந்தது. வைத்திருந்தவர், கேட்டும் கொடுக்கவில்லை. மற்றவர் தாகத்தால் உயிர் துறந்தார். அதன்பின் இரு விதிகள் தோன்றின: வழிநடையில் வடிதுணியைக் கேட்டால் மறுத்தல் கூடாது, வடிதுணியின்றி வழிநடை செல்லுதலும் கூடாது. இவ்விரண்டாம் விதியை ஊன்றி நோக்குக. மறுப்பது குற்றம் என்பது எவருக்கும் விளங்கும். கொண்டுவராமையும் குற்றம் என்கிறது விநயம். ஏனெனில், கொண்டுவராதவன் பிறரைத் தனக்குக் கடனாளியாக்குகிறான். பிறருடைய பங்கில் தன் உயிரை வைக்கிறான். பிக்குவின் எட்டுப் பரிக்காரங்களில் வடிதுணியும் ஒன்று. அது குடிப்பவனையும் காக்கும். நீரிலுள்ள சிற்றுயிரையும் காக்கும். மழைக்காலத்து மூன்று மாதம் பிக்குகள் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற விதியும், அவர்கள் நடையால் பயிரும் சிற்றுயிரும் நசுங்குகின்றன என்று மக்கள் குறைகூறியதன் விளைவாகவே பிறந்தது. எப்போது நடப்பது, எதைச் சுமப்பது என்னும் இரண்டையும் சங்கம் அறத்தின் கேள்விகளாகவே கொண்டது.

மூன்றாவது சமாதானம் மிக நுட்பமானது: "நாங்கள் எல்லாம் யோசித்தாயிற்று; வழிகாட்டி உண்டு; சுமை தூக்க ஆள் உண்டு; கூலியும் தருகிறோம். இனி என்ன?" இம்மலைகளின் தடங்களை நன்கறிந்தவர் யானாதி முதலிய ஏழை மக்கள். அவர்களுள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியதும் தம் கடமை முடிந்தது என்று நகரத்தார் எண்ணுகின்றனர். நாம் கேட்பது இது: "ஐயா, மேற்கே கருக்கிறது, இன்று இறங்க வேண்டாம்" என்று அவ்வேழை சொன்னால் அவர் சொல் எடுபடுமா? சொன்னதற்காகக் கூலி குறையுமா? கூலி குறையும் என்ற அச்சம் இருக்கும்வரை அவர் வாய் திறவார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையில்லாத ஒருவனை உடன் கொண்டுசெல்லும் ஏற்பாடு, எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருந்தாலும் தீய ஏற்பாடேயாம். நல்ல உயிர்க்காப்புச் சட்டையை விருந்தாளி அணிய, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் மடுவில் இறங்குபவன் வெறும் உடம்போடு இறங்குவானாயின், அங்கே சாதி வேறு பெயரில் உயிர்வாழ்கிறது.

இதனை நம்மவர் எளிதில் உணர்வர். சித்தூரிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் கோலார் தங்கவயலுக்குச் சென்ற நம் முன்னோர் பூமிக்குள் வெகு ஆழம் இறங்கி உழைத்தனர். எவ்வளவு தோண்டுவது, எங்கே முட்டுக் கொடுப்பது என்று திட்டமிட்டவர்கள் ஒரு சாரார். பாறை வெடித்தபோது அடியில் இருந்தவர்கள் மற்றொரு சாரார். 2001ஆம் ஆண்டு அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அந்தப் பிரிவினை மூடப்படவில்லை. இதே சேஷாசல வனத்தில், 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் ஏழைகள் அவர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறிற்று; மனித உரிமையாளர் அதனை மறுத்தனர். மரம் வெட்டுதல் குற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அக்காட்டு வழியைத் தீட்டியவர் எவர்? ஆதாயம் பெறுவோர் எவர்? தீட்டியவர் தொலைவில் இருந்தார். கூலிக்குச் சென்றவர் காட்டில் கிடந்தார். இன்பப் பயணத்தையும் இக்கொடுமையையும் நாம் ஒன்றெனக் கூறவில்லை. பிறன் உடம்பைக் கொண்டு தன் திட்டத்தை நிறைவேற்றுவது என்னும் பழக்கம், சிறிய அளவில் சிரித்துக்கொண்டு தொடங்கும் இடங்களைக் காட்டுகிறோம்.

ஆகவே ஏற்பாடு எப்படி அமைய வேண்டும்? பருவம் அறிந்து நாள் குறித்தல். வனத்துறையின் இசைவைப் பெறுதல். 1989ஆம் ஆண்டு அமைந்த வேங்கடேசுவர தேசியப் பூங்கா போன்ற இடங்களில் இசைவின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். எந்நாள், எவ்வழி, எந்நேரம் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தல். நீந்தத் தெரியாதவர் எவர், நோயுள்ளவர் எவர் என்று வெட்கப்படாமல் கேட்டறிதல். யாவரினும் மெதுவாக நடப்பவரின் நடையையே குழுவின் நடையாகக் கொள்ளுதல். ஓடையின் கரையில் இரவு தங்காது மேட்டில் தங்குதல். வழிகாட்டிக்கும் சுமையாளுக்கும் தமக்குள்ள அதே உணவு, அதே காப்பு, பாதியில் திரும்பினும் முழுக்கூலி என்று முன்னதாகவே உறுதி கூறுதல். இவ்விறுதி ஏற்பாட்டைப் பயண நூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. நம் கணக்கில் அதுவே முதலாவது. ஏனெனில் அவ்வுறுதி கிடைத்த பின்னர்தான் வழியறிந்தவன் உண்மையைப் பேசுவான்.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. இவ்வளவு ஆலோசித்தால், ஆலோசனையே பற்றாகிவிடாதா? ஆகலாம். மூன்று மாதம் திட்டமிட்டு, பணம் செலவிட்டு, பாதி வழி வந்தபின் ஆறு பெருகக் கண்டும், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று இறங்குபவன், தன் திட்டத்துக்கே அடிமையானவன். பகவன் கூறிய தெப்ப உவமையை உபாசகர் யாவரும் அறிவர். புல்லும் கிளையும் சேர்த்துக் கவனத்துடன் கட்டிய தெப்பம் ஆற்றைக் கடப்பதற்கு. கரையேறிய பின் தலையில் சுமப்பதற்கன்று. திட்டமும் ஒரு தெப்பமே. கட்டாமல் இறங்குபவன் மூழ்குவான். விட வேண்டிய இடத்தில் விடாதவன் பிறரையும் மூழ்கடிப்பான். திரும்பி வரும் இடத்தையும் திட்டத்திற்குள்ளேயே குறித்துக்கொள்பவன் இரண்டிலிருந்தும் தப்புவான்.

நம் பிள்ளைகளும் இன்று மலைகளுக்கும் அருவிகளுக்கும் செல்லத் தொடங்கியுள்ளனர். இது நமக்கு மகிழ்ச்சியே. பாட்டன் கூலிக்காக மட்டுமே நுழைந்த காட்டில் பேரன் காற்று வாங்க நுழைவது நல்ல மாற்றம். அவர்களைத் தடுக்க வேண்டாம். மூட்டை கட்டும்போது அருகில் அமர்ந்து ஒன்று மட்டும் கேட்போம்: "உன்னுடன் வருபவர்களில் 'வேண்டாம்' என்று சொல்ல இயலாதவர் எவரேனும் உளரா?" உளர் என்றால், மூட்டை இன்னும் கட்டி முடியவில்லை.